ஒரு பாய்லருக்கு ரெண்டு கடிகாரம் எதுக்குய்யா?

விடியக்காலை அஞ்சே முக்கால். ஹாலுக்கு வந்து, வீட்டுச் சூட்டைப் பார்த்து பாய்லருக்கு எரி, அணைன்னு சொல்ற தெர்மோஸ்டாட்டைப் பாக்கறேன். 15.5 டிகிரி காட்டுது, பக்கத்துலயே குட்டியா தீச்சுடர் படம். வீட்டைச் சூடாக்கற பாய்லரை எரியச் சொல்லிட்டேன்னு அதுக்கு அர்த்தம். பாய்லர் சுடுதண்ணி ஓடி ரூமைச் சூடாக்கற ரேடியேட்டர்ல கை வச்சா ஜில்லுனு இருக்கு. பாய்லர்கிட்ட போய் நின்னா சத்தமே இல்ல. அம்மா ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல சால்வையும் போத்திக்கிட்டு, விரலை மடக்க முடியாம உக்காந்திருக்காங்க. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல. ஏழு வாரம்!

காசு கொடுத்துப் புதுசா மாட்டின தெர்மோஸ்டாட் அது. எந்த நேரத்துக்கு எத்தனை டிகிரின்னு இதுலயே வச்சுக்கலாம், இனிமே கவலையே இல்லன்னு சொல்லித்தான் மாட்டினாங்க. நானும் நம்பி காலைல ஆறு மணிக்கு 20, ராத்திரி பத்துக்கு மேல 16ன்னு வச்சேன். ஆனா சுடுதண்ணி டேங்க் இருக்கற அலமாரிக்குள்ள ஹீட்டிங்குக்கும் சுடுதண்ணிக்கும் நேரம் வைக்கற பழைய பெட்டி, புரோகிராமர்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்குன்னு மாட்டினவர் ஒரு வார்த்தை சொல்லல. ஹீட்டிங் காலைல 7 முதல் 9, சாயங்காலம் 5 முதல் 9ன்னு யாரோ எப்பவோ வச்சது அதுல அப்படியே கிடக்கு.

தெருக் கேட்டும் வாசக்கதவும் மாதிரி, இந்த ரெண்டும் ஒரே வயர்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து திறந்தாத்தான் பாய்லர் பத்தும். தெர்மோஸ்டாட் "டிக்"னு சத்தம் போட்டு தன் பக்கத்தைத் திறந்துடுது. புரோகிராமர் ஏழு மணி வரைக்கும் கரண்டையே விடல. இது திரையில எங்கயாவது தெரியுதா? தெரியாது! தான் கேட்டது கிடைச்சுதா இல்லையான்னு அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கே தெரியாது.

அதைவிடக் கொடுமை, அது வீட்டைப் பார்த்துக் கத்துக்கற வகை. ஆறு மணிக்கு 20 டிகிரி வரணும்னா எவ்வளவு முன்னாடி ஆரம்பிக்கணும்னு தானே கணக்குப் போடும். வீடு சூடே ஆகலையா, இது மெதுவா சூடாகற வீடு போலன்னு முடிவு பண்ணி, நாலு மணிக்கே சுடரைக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. அப்பவும் பாய்லர் எரியல.

இதுக்கு நடுவுல குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கற நாள் வந்துச்சு. தெர்மோஸ்டாட் தானா மாத்திக்கிச்சு, புரோகிராமர் மாத்திக்கல. திடீர்னு காலைல ஆறு மணிக்கே சூடு வர ஆரம்பிச்சுது, சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கே எல்லாம் அணைஞ்சு போச்சு. போன் பண்ணினா "பேட்டரி மாத்திப் பாருங்க"ங்கறாங்க. மாத்தினேன். மறுபடியும் மாத்தினேன். எத்தனை தடவைதான் மாத்தறது?

நினைச்சாலே பதறுது: குளிர்காலத்துல ஊருக்குப் போறப்போ புரோகிராமர்ல ஹீட்டிங்கை ஆஃப் பண்ணிட்டு, 5 டிகிரிக்குக் கீழ போனா தெர்மோஸ்டாட் பார்த்துக்கும்னு கிளம்பியிருந்தா? அது கத்திக்கிட்டே இருந்திருக்கும், பாய்லர் எரிஞ்சிருக்காது. பாய்லருக்குள்ளயே உறையாம காக்கற ஏற்பாடு இருந்தாலும் அது முக்கியமா பாய்லரைத்தான் காப்பாத்தும். தூரத்து ரூம் குழாய் உறைஞ்சு வெடிச்சா வீடு முழுக்கத் தண்ணி.

இதுக்குத் தீர்வு என்ன தெரியுமா? புரோகிராமர்ல ஹீட்டிங்கை மட்டும் எப்பவும் ஆன்ல வைக்கணும். அவ்வளவுதான்! அரை நிமிஷ வேலை. எப்பவும் ஆன்னா நாள் முழுக்க எரிஞ்சு கேஸ் பில் ஏறும்னு பயப்பட வேண்டாம், தெர்மோஸ்டாட் கேட்டாத்தான் எரியும். சுடுதண்ணிக்கு மட்டும் பழையபடி புரோகிராமர் நேரம் பார்த்துக்கட்டும், அதுக்குத்தான் அந்தப் பெட்டியைக் கழட்டாம வச்சிருக்கோம். சில பழைய பெட்டிகள்ல சுடுதண்ணியை ஆன் பண்ணாம ஹீட்டிங்கை மட்டும் ஆன் பண்ண முடியாது. அப்படி இருந்தா அதை மாட்ட வர்றவர் முன்கூட்டியே பார்த்துச் சொல்லணும், அது அவரோட தொழில்.

எனக்கு வந்த கையேட்டுல வயரிங் படம் பக்கம் பக்கமா இருக்கு. இந்த ஒரு வரி இல்ல. வீட்டுல வயசானவங்க இருக்காங்கன்னு கண்ணால பார்த்துட்டுத்தானே போனார்? பழைய கடிகாரத்தை என்ன பண்ணணும்னு வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?

அந்த அலமாரிக் கதவுல இப்ப நானே ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: "ஹீட்டிங் எப்பவும் ஆன். தொடாதீங்க. நேரம் மாத்தணும்னா ஹால்ல இருக்கறதுல மாத்துங்க." மாட்டின அன்னைக்கே அவர் ஒட்டிட்டுப் போயிருக்க வேண்டிய சீட்டு அது.