முருங்கை காய்த்ததா?

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு சிறுகதைகளைப் பற்றிப் பேசினோம். இரண்டையும் எழுதியவர்கள் புதிதாக எழுத வந்த பிள்ளைகள். முதல் கதையில் ஒரு பையனும் பெண்ணும் பீஷானில் ரயில் மாறும்போது பார்த்துக்கொள்கிறார்கள். மழை வருகிறது. ஒரே ஒரு குடை. அப்புறம் என்ன, உங்களுக்கே தெரியும். இரண்டாவது கதையில் ஒருவர் ஊழியர் தங்கும் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரிலிருக்கும் மனைவியோடு வீடியோவில் பேசுகிறார். பேச்சு முழுக்க, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு எந்த சிமெண்ட் வாங்குவது, மூட்டை என்ன விலை என்பதுதான். பாதியில் லைன் கட்டாகிவிடுகிறது. அதோடு கதையும் முடிகிறது.

கூட்டத்தை நடத்திய நண்பர் முதலாவதைக் காதல் கதை என்றும், இரண்டாவதை வெளிநாட்டு ஊழியர் பிரச்சினையைப் பேசும் கதை என்றும் அறிமுகப்படுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டாவதுதானே காதல் கதை?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி மெதுவாக, "அக்கா, அவங்க கல்யாணம் ஆனவங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது. தாலி ஏறியதும் காதல் முடிந்துவிடும் என்பதைச் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்தது, சரி. இலக்கியம் அப்படிச் சொல்லவில்லையே!

திருக்குறளின் காமத்துப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 அதிகாரங்கள். கல்யாணத்துக்கு முந்தைய காதலைப் பேசும் களவியலுக்கு 7, அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பேசும் கற்பியலுக்கு 18. பார்ப்பது, கண்ணால் பேசுவது, அழகைப் புகழ்வது, ஊர் வாயில் விழுவது எல்லாம் 70 குறளில் முடிந்துவிடுகிறது. மீதி 180 குறளும் கற்பு வாழ்க்கை. அந்தப் பகுதி எதில் தொடங்குகிறது தெரியுமா? பிரிவாற்றாமையில். குடும்பம் ஆரம்பித்த உடனே ஆள் மூட்டை கட்டிவிட்டான்! 'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை' என்கிறாள் அவள். போகவில்லை என்றால் அதை என்னிடம் சொல்லு; சீக்கிரம் வந்துவிடுவேன் என்ற கதையெல்லாம், நீ வரும்போது உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் போய்ச் சொல்லு. திருச்சி விமான நிலைய வாசலில் இதே சண்டையை, இதைவிட மோசமான வார்த்தைகளில், நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அகநானூறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண் வரும் பாட்டெல்லாம் பாலைத் திணையாக வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் 400 பாட்டில் 200 பாலை, அதாவது பிரிவு. கூடல் பேசும் குறிஞ்சிக்குக் கிடைத்தது 80தான். நாமோ மேடைக்கு மேடை, இரண்டு பேரின் நெஞ்சம் கலந்ததைச் சொல்லும் குறுந்தொகைப் பாட்டின் செம்மண்ணில் விழுந்த மழைநீரை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் அந்த ஒரு பாட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நல்ல பாட்டுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மழை விட்ட பிறகும் அந்த இரண்டு பேரும் வாழ்ந்திருப்பார்கள் இல்லையா?

பாலைக்குத் தனியாக நிலம் கிடையாது. காடான முல்லையும் மலையான குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். நம் ஊரில் பார்க்கும் இடமெல்லாம் மரம், நினைத்தால் மழை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போய், புல்தரையில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். பொருள் தேடப் பிரிந்துபோவதைப் பொருள்வயிற் பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. 'முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை' என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கமில்லை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உரைகளில் வேறு கருத்தும் இருக்கிறது, அது கிடக்கட்டும். இன்று ஒர்க் பர்மிட்டில் வருகிறவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அதற்கு வேறு வகை அனுமதி வேண்டும், மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளமும் வேண்டும். நூற்பா பழையது, நடைமுறை அப்படியே இருக்கிறது. (இதில் பழையவர்கள் யோசித்தே பார்க்காத ஒன்றும் நடக்கிறது. புருஷனையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வீட்டுவேலைக்காகக் கடல் தாண்டி வந்திருக்கும் பெண்கள். அங்கே காத்திருப்பவன் தலைவன். அதற்கு எந்தத் திணையிலும் துறை இல்லை.)

என் தாத்தா 1949இல் ரஜூலா கப்பலில் வந்தவர். தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை. பாட்டி திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பாவை மட்டும் சின்னப் பையனாக இங்கே அனுப்பிவைத்தாளே தவிர, அவள் கடைசிவரை வரவில்லை. தாத்தாதான் நாலு, அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை போய்வந்தார். அவர் எழுதிய நீலநிறக் கடிதங்கள் கொஞ்சம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பதினாறு வயதில் நான் அவற்றை எடுத்துப் படித்துவிட்டு ஏமாந்துபோனேன். நலம், நலமறிய ஆவல். இத்தனை ரூபாய் அனுப்பியிருக்கிறேன். மேலண்டைக் கூரை ஒழுகுகிறதா? முருங்கை காய்த்ததா? அன்பே என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த மனிதருக்குக் காதலிக்கவே தெரியாது என்று அப்போது முடிவு கட்டிவிட்டேன்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கடிதத்தைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மனிதர் அதில் என்னத்தை எழுதுவார்? அந்த முருங்கைக் கொம்பைக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் தாத்தாதான் நட்டாராம். அப்பா சொல்லித்தான் தெரியும். ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் முருங்கை வருகிறது. சங்கப் பாட்டில் குருகும் யானையும் வந்தால் அதற்குள் மறைபொருள் இருக்கிறது, உள்ளுறை என்று விழுந்து விழுந்து பாடம் எடுக்கிறோம். முருங்கைக்காய் வந்தால் மட்டும் அது குடும்ப விஷயமா?

அந்தக் கதையின் சிமெண்ட் மூட்டையும் அதேதான். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருக்கும் இடத்திலிருந்து எழுந்து படிக்கட்டுக்கு வந்தாலும், அங்கேயும் நாலு பேர் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் மாமியார் எட்டிப் பார்ப்பார். சிமெண்டைத் தவிர வேறு எதைப் பேச முடியும்?

கூட்டத்தில் ஒருவர், "கஷ்டத்துக்குக் காதல்னு பேர் வச்சு அழகு பார்க்காதீங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார். சம்பளம் பிடிக்கப்பட்டவரையும் அடிபட்டுக் கிடப்பவரையும் பற்றி எழுதவேண்டிய இடத்தில் கவிதை பாடக்கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு மனிதரைக் கஷ்டப்படுகிறவராக மட்டுமே எழுதிக்கொண்டிருப்பதும் அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதுதான். ஆசைப்படுவது, பொறாமைப்படுவது, ஊடுவது எல்லாம் பீஷானில் குடை பிடிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிவைத்ததா?

நம் கதைகளில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. பிரிவை நாம் எப்போதும் இங்கே இருக்கும் ஆணின் பக்கத்திலிருந்தே எழுதுகிறோம். அவர் ஊரை நினைக்கிறார், அழுகிறார். போனில் வரும் மனைவி "சாப்டீங்களா?" என்பதோடு சரி. குறுந்தொகையில் 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்ற புலவர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. அவன் கள்ளிக்காடு தாண்டிப் போய்விட்டான். வீட்டிலிருப்பவள் தோழியிடம் கேட்கிறாள்: அங்கே செங்காற் பல்லி தன் துணையைக் கூப்பிடுமே, கள்வர்கள் அம்பைச் சரிபார்க்க நகத்தால் புரட்டும்போது வருகிற ஓசை மாதிரி இருக்குமே, அதைக் கேட்டாவது என்னை நினைக்கமாட்டாரா? அவள் அந்தக் காட்டைப் பார்த்தவள் மாதிரித் தெரியவில்லை. ஆனால் அங்கே கேட்கிற சத்தம்வரை அவளுக்குத் தெரிகிறது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் சிங்கப்பூரைத் தன் மனதில் எப்படிக் கட்டி வைத்திருக்கிறாள், புருஷன் தூங்கும் அறையில் என்ன சத்தம் கேட்கும் என்று நினைக்கிறாள்? இதை இங்கே யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள். இன்றைக்கே படிக்கிறேன்.

சிமெண்ட் கதையை எழுதிய தம்பி நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டார், கதையைத் திருத்தி எழுதப்போகிறாராம், என்ன மாற்றலாம் என்று. லைன் கட்டான பிறகு கதை அவள் பக்கம் போகட்டும் என்றேன். "நான் இங்கயே பொறந்து வளந்தவன்க்கா, அந்த ஊரையே பார்த்ததில்ல" என்றார். அவளும் சிங்கப்பூரைப் பார்த்ததில்லையே என்றேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்வி. சிமெண்ட் பேச்சு நீளமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்களாம், குறைத்துவிடவா என்று.

ஒரு மூட்டையைக்கூட எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.