கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதாம்

ஞாயித்துக்கிழமை கமெண்ட்ல நடந்த கூத்தைப் பாத்திருப்பீங்க. நான் வளக்கக் குடுத்த பூனைக்குட்டியை ஒருத்தங்க திருப்பிக் கொண்டாந்து விட்ட கதைதான். பேர் சொல்லப் போறதில்ல. என் லிஸ்ட்லதான் இருக்காங்க, படிக்கட்டும்.

நாலு குட்டி போட்டோ போட்டேன். ஒரு வெள்ளை, ஒரு வரி, ரெண்டு கருப்பு. வெள்ளைக்கு மட்டும் இன்பாக்ஸ்ல அடிதடி. நீலக் கண்ணு வேற, கேக்கவா வேணும். "வெள்ளை உடம்பும் நீலக் கண்ணும் சேந்தா காது சந்தேகம்தான், கை தட்டிப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தேன். "பரவால்லக்கா, கலர் சூப்பர்"ன்னு தூக்கிட்டுப் போனாங்க. மூணே வாரம். செருப்பு டப்பாவுல வச்சுத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதாம்.

நிறம் உண்டாக்குற செல் தோலுக்கு வந்து சேராததால வர்ற வெள்ளை அது. அதே செல் உள்காதுக்கும் வேணும். அங்கயும் வரலைன்னா பிறந்த சில வாரத்துலயே கேக்குற சக்தி போயிரும். ரெண்டு கண்ணும் நீலமா இருக்கிற வெள்ளைப் பூனைகள்ல பாதிக்கு மேல இப்படித்தான். நீங்க ஆசைப்பட்ட கலரும் நீங்க குறை சொன்ன காதும் ஒரே பொட்டலம்.

பூனை இந்தக் கலரைக் கேட்டு வாங்கிட்டு வரல. காட்டுல அதுக்கு ஒரே சட்டை, வரிச்சட்டை. வெள்ளையா ஒண்ணு பிறந்தா பருந்து கண்ணுல மொதல்ல படும். மனுஷன் வீட்டுக்கு வந்த பிறகுதான் மத்த கலரெல்லாம் பிழைச்சுது. அதுவும் மெதுவா. பழங்காலப் பூனைகளோட எலும்பு, பல்லுல டிஎன்ஏ எடுத்துப் பாத்த ஆய்வு 2017ல வந்துச்சு. வரிக்குப் பதிலா விலாவுல சுழி சுழியா வர்ற டிசைன் 14ஆம் நூற்றாண்டுலதான் ஓட்டோமான் பேரரசு (துருக்கி) பக்கம் தலைகாட்டுது. பரவலாக 18ஆம் நூற்றாண்டு ஆயிருக்கு. 1871ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல பூனைக் கண்காட்சி வச்சாங்க. அப்புறம் கலர் பாத்து ஜோடி சேக்கிறது ஒரு தொழிலாவே ஆயிருச்சு.

"தெருப்பூனைக்கு யாருங்க ஜோடி சேத்தா?"ன்னு ஒரு அண்ணாச்சி வருவாரு. யாரும் சேக்கல அண்ணாச்சி. எந்தக் குட்டிக்கு அடுக்களையில பால் வச்சோம், எதைச் சாக்குல கட்டி ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டோம்? அது கலர் பாக்காமயா நடக்குது?

கருப்பு குறுக்க போனா ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. கல்லிடைக்குறிச்சியில எங்க ஆச்சி வீட்டு நெல் குலுக்கைக்குக் காவல் ஒரு கருப்புப் பூனைதான். யாராவது சகுனம் பேசுனா ஆச்சி விட மாட்டா: "அது எலியப் பாத்துப் போவுது, ஒன்னையவா பாத்துப் போவுது?" டிஎன்ஏல ரெண்டே எழுத்து விட்டுப்போச்சுன்னா வரிப்பூனை கருப்பாயிரும். ரெண்டு எழுத்துக்கு எவ்வளவு பஞ்சாங்கம்! (பதில் சொல்றதில்லன்னேன், சொல்லிட்டேன்.)

மாடியில இருந்து விழுந்துருமோ, வண்டிச் சத்தம் கேக்காம அடிபட்டுருமோன்னு பயந்திருந்தா நியாயம். வாயை மூடிக்கிட்டு வாங்கி வச்சிருப்பேன். அதை அவங்க சொல்லல. "பீஸ் சரியில்லக்கா"ன்னாங்க.

பீஸ்.

என் தங்கச்சி பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளியில படிச்சவ. அவளுக்குக் கேக்கலைன்னு தெரிஞ்ச வருஷம் பாக்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தவ எங்க அம்மா முகத்துக்கு நேராவே சொன்னாவ: "மூக்கும் முழியுமாத்தான் இருக்கா, பீஸ்லதான் கோளாறு." அம்மா காப்பி போட உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வெளிய வரல. பூனையையும் பிள்ளையையும் ஒண்ணா பேசறேன்னு யாராவது ஆரம்பிச்சா பிளாக்தான். ஒண்ணா பேசினது யாருன்னு மேல போய்ப் படிங்க.

வெள்ளைக்குட்டி இப்போ தங்கச்சி ரூம்ல. தரையை ரெண்டு தட்டு தட்டினா அதிர்வு தெரிஞ்சு ஓடி வருது. மூணு வாரமா அவங்களுக்குத் தோணாதது இவளுக்கு அரை நாள்ல தோணிருச்சு.

வரிக்குட்டியை சுத்தமல்லியில ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. கருப்பு ரெண்டும் இன்னும் இங்கதான். வேணும்கிறவங்க சொல்லுங்க. வெள்ளை இருக்கான்னு கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க.