லட்சம் தாண்டினால் விற்றுவிட வேண்டுமா?

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரைத் தள்ளிவிடுவதே லாபம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என் 2008 மாடல் பெட்ரோல் கார் 2,14,000 ஓடிவிட்டது. இன்றும் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அதில்தான் போகிறேன்.

பெங்களூரில் ஓடோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. சில்க் போர்டு நெரிசலில் மீட்டர் நகராது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் 10,000 வரை காத்திராமல் 7,000-லேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவேன்.

நான் கோட்டைவிட்டது கூலன்ட்டில், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவத்தில். குறையும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன், அதுவும் போர்வெல் தண்ணீர்! ஒருநாள் ஓசூர் ரோடு மேம்பாலத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில் துருச்சேறு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல வெள்ளை உப்பு. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட்தான்.

டைமிங் பெல்ட் (பிஸ்டனோடு சேர்ந்து வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) உள்ள வண்டி என்றால் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும், செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

15 வருடம் முடிந்து 2023-இல் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கப் போனபோது எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையில் ஒரு கேள்வியும் வரவில்லை. 2028 வரை ஓட்டலாம்.