ஆலைக்குள் கால் வைக்காதவர்களையும் கல்நார் விடவில்லை

"கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் நோய் வரும், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிவருகிறது. இது தவறு, ஆபத்தான தவறு.

இத்தாலியின் காசாலே மொன்ஃபெராட்டோ நகரைப் பாருங்கள். அங்கே 1907 முதல் 1986 வரை எட்டர்னிட் ஆலை கல்நார் சிமென்ட் தகடுகளும் குழாய்களும் செய்தது. ஆலைக் கழிவுத் தூளை ஊர்மக்கள் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிச் சமன்செய்தார்கள், பரணில் பரப்பினார்கள். அந்த முற்றத்தில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள். கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்த பெண்கள், ஆலை வாசலையே மிதிக்காதவர்கள், மீசோதெலியோமாவுக்குப் பலியானார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் அது.

நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ் பெரும்பாலும் நெடுநாள் தூசு சுவாசித்த தொழிலாளர்களுக்கே வருகிறது என்பது மெய்தான். வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். ஆனால் மீசோதெலியோமாவுக்கு அவ்வளவு தூசு தேவையில்லை.

"இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதும் ஆதாரம் ஆகாது. அந்த நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆலை மூடிப் பல்லாண்டுகள் கழித்தும் காசாலேயில் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.