குடல்வால் வலிக்கு வீட்டிலேயே மாத்திரை போதுமா?

"கொரோனா காலத்தில் அப்பென்டிக்ஸ் ஆபரேஷனையே நிறுத்திவிட்டார்கள். ஆன்டிபயாடிக் வாங்கி வீட்டில் சாப்பிட்டாலே சரியாகிவிடும்" என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு, உயிருக்கு ஆபத்தான தவறு.

கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் பலர் இதை நம்புகிறார்கள். 2020இல் மருத்துவமனைகள் ஒத்திவைத்தது தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளைத்தான். குடல்வால் (அப்பென்டிக்ஸ்) அழற்சி அவசர நோய், அதற்கான சிகிச்சை தொடர்ந்தது. சில இடங்களில், சிக்கலில்லாத நோயாளிகளுக்கு மட்டும் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஸ்கேன் எடுத்து, குடல்வால் வெடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, மருத்துவர் கண்காணிப்பில்.

ஆன்டிபயாடிக்கையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்த கோடா (CODA) ஆய்வு அதே ஆண்டு வெளியானது. ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது. குடல்வாலுக்குள் கல் போல இறுகிய மலக்கட்டி இருந்தவர்களிடம் அது 41 சதவீதம். அந்தக் கட்டி இருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் காட்டும்.

கொரோனா தொற்றுக்குப் பயந்து பலர் தாமதமாக வந்ததால், குடல்வால் வெடித்த நிலையில் வந்தவர்களின் பங்கு பல நாடுகளில் கூடியது. அப்புறம், வலி திடீரெனக் குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். சில சமயம் வெடித்ததன் அறிகுறியே அதுதான்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, வாந்தி, காய்ச்சல் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கொரோனா இருந்தால் அதையும் சொல்லுங்கள், தகுந்த பாதுகாப்போடு சிகிச்சை தருவார்கள்.