அயோடின் மட்டும் காரணமில்லை
பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறுக்கு அயோடின் குறைவுதான் காரணம் என்று கட்டுரை சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. கர்ப்பத்தில் அடங்கியிருந்த நோய் எதிர்ப்பு மண்டலம் பிரசவமானதும் வேகமெடுத்து, குறிப்பாக ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) உள்ளவர்களின் தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. முதல் 4 மாதத்துக்குள் சேமிப்பிலிருந்த ஹார்மோன் கசிந்து படபடப்பு, கைநடுக்கம் வரும், டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) இறங்கியிருக்கும். சுரப்பு கூடவில்லை, கசிவுதான் என்பதால் இங்கே சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை வீண் (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்). அடுத்து 4 முதல் 8 மாதத்தில் ஹார்மோன் குறைந்து அசதி, மலச்சிக்கல் வரும். இதைத்தான் காரைக்குடிப் பக்கம் ‘பிள்ளை பெத்த உடம்பு’ என்று உளுந்தங்களியோடு விட்டுவிடுகிறார்கள். மேலே கருத்திட்ட ஆச்சி, மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினையும் சேர்த்தே கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; இடையில் 4 மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது.