பக்கத்து நாடுதானே என்றார்கள்

அமெரிக்கப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கனடாவில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பது மிகவும் எளிது என்று எங்களிடம் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தம் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செய்து பார்த்தவரில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. பரிந்துரைக் கடிதத்துக்காக ஆசிரியர்கள் பின்னால் அலைய வேண்டாம், கட்டுரை எழுத வேண்டாம், மதிப்பெண் இருந்தால் போதும் என்றார்கள். அந்த மதிப்பெண்ணை அங்கே எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டிய பல்கலைக்கழகங்களும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மாணவர்களுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கென்று வகுக்கப்பட்ட பாடங்களில் சிறந்த ஆறின் சராசரி, அதுவும் நூற்றுக்கு இவ்வளவு என்று நேரடியாகச் சதவீதத்தில். எங்கள் மகளின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலில், சதவீதமே கிடையாது. ‘ஏ’, ‘ஏ மைனஸ்’, ‘பி பிளஸ்’ என்ற எழுத்துகள்தான் இருக்கின்றன. ஒரு பள்ளி மாவட்டத்தில் 90 எடுத்தாலே ‘ஏ’ என்பார்கள். பக்கத்து மாவட்டத்தில் 93 எடுத்தால்தான் தருவார்கள். கடினமான பாடத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து நான்குக்கு மேல் போகும் ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளி ஒன்று, எடை சேர்க்காத ஜிபிஏ இன்னொன்று. கனடாப் பல்கலைக்கழகத்தின் இணையதளமோ ‘தொண்ணூறுகளின் நடுப்பகுதி’ தேவை என்று எழுதி வைத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறது. எங்கள் பிள்ளையின் ‘ஏ’ என்பது 90-ஆ, 95-ஆ என்று மின்னஞ்சலில் கேட்டால், ‘ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்’ என்ற ஒரே வரி பதிலாக வருகிறது. கணினி அறிவியல் போன்ற துறையில் அந்த ஐந்து மதிப்பெண்தான் இடம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கிறது என்பது பதில் எழுதியவருக்குத் தெரியாதா என்ன? அமெரிக்காவிலிருந்து மாணவர்களைச் சேர்ப்பதற்கென்றே ஆள் வைத்து, பள்ளி பள்ளியாகக் கண்காட்சி மேசை போட்டு, வண்ணத் துண்டறிக்கை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, மதிப்பெண்ணை மாற்றும் அட்டவணை ஒன்றை வெளியிட மட்டும் ஏன் கை வரவில்லை?

கால்குலஸ் என்ற நுண்கணிதத்தின் கதை இதைவிட மோசம். ஒன்டாரியோவில் பொறியியல், கணினி அறிவியல், வணிகவியல் என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு கால்குலஸ் கட்டாயம். ஒன்டாரியோ பிள்ளைக்கு அது கடைசி ஆண்டில் எடுக்கக்கூடிய சாதாரணப் பாடம். அமெரிக்கப் பள்ளியில் கடைசி ஆண்டில் ஏபி எனப்படும் கல்லூரித் தரத்துக் கால்குலஸில் உட்கார வேண்டுமென்றால், எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோடைவிடுமுறையிலாவது ஒரு வகுப்பைத் தாண்டியிருக்க வேண்டும். பதின்மூன்று வயதில் எந்தக் கணக்கு வகுப்பில் போட்டார்கள் என்பது பதினேழு வயதில் கனடாவின் கதவை மூடிவிடுகிறது. சரி, எங்கள் மகள் அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள். ஆனால் ஏபி தேர்வு மே மாதத்தில் நடக்கிறது, முடிவு ஜூலையில் வருகிறது. விண்ணப்பக் கெடுவோ பல இடங்களில் ஜனவரி. பாடம் ஆண்டு முழுவதும் நடப்பதால் ஜனவரியில் டிரான்ஸ்கிரிப்டில் அதற்கு நேரே ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்பதைத் தவிர வேறெதுவும் இருக்காது. அரையாண்டு மதிப்பெண்ணைக் கொடு என்கிறது பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளமான போர்ட்டல். எங்கள் பள்ளி இறுதி மதிப்பெண்ணை ஜூனில்தான் பதியும்.

போர்ட்டலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் குவெல்ஃபில் உள்ள பொது விண்ணப்ப மையத்தின் வழியாகப் பணம் கட்டி விண்ணப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஒரு போர்ட்டல், ஒரு கடவுச்சொல், ஒரு ஆவணப் பட்டியல் என்று அனுப்பும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்குத் தனித் தகவல் படிவம், டொராண்டோ பல்கலைக்கழகப் பொறியியலுக்குக் கேமரா முன் நேரக் கட்டுப்பாட்டோடு பதில் சொல்லும் சுற்று, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனால் சுயவிவரக் கேள்விகள். கட்டுரையே வேண்டாம் என்றவர்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் விண்ணப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் ‘டிரான்ஸ்கிரிப்ட் பெறப்படவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. பள்ளியில் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரின் திரையிலோ அதே ஆவணம் அனுப்பப்பட்டு, பதிவிறக்கமும் செய்யப்பட்டதாக நாள், நேரத்தோடு இருந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினால், மாணவர் அனுப்பும் படத்தை ஏற்க முடியாது, பள்ளிதான் அனுப்ப வேண்டும் என்றார்கள். பள்ளி அனுப்பியதைத்தானே ஐயா படமெடுத்து அனுப்பினோம்! கவுன்சிலர் தொலைபேசியில் அழைத்தபோது, தனியுரிமை காரணமாக விண்ணப்பதாரரிடம்தான் பேசுவோம் என்றார்கள். மகள் அழைத்தபோது, பள்ளியைப் பேசச் சொல் என்றார்கள்.

இத்தனைக்கும் நடுவே நாள்காட்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மே 1-க்குள் முடிவு சொல்லி டெபாசிட் கட்டச் சொல்கின்றன. கனடாவிலோ அந்தத் தேதிக்குப் பிறகும் மே மாதம் முழுக்க இடம் தருவதாகச் சொல்லும் ஆஃபர் வந்துகொண்டிருக்கும். கையில் இருக்கும் இடத்தை விடுவதா, வருமோ வராதோ என்ற இடத்துக்காகக் காத்திருப்பதா என்று பதினேழு வயதுப் பிள்ளை தூக்கமில்லாமல் தவிக்க வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் இரண்டு இடத்திலும் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது இரு நாட்டுக்காரர்களுக்கும் கவலையில்லை.

எங்களைப் போல ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கனடா வெறும் ஆசையும் அல்ல. பிள்ளைக்கு 21 வயது ஆனதும், பெற்றோரின் விசாவைச் சார்ந்து இங்கே இருக்க உதவும் ஹெச்-4 தகுதி போய்விடும். கிரீன் கார்டு வரிசையோ நகர்வதாக இல்லை. அதனால்தான் வடக்கே பார்க்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை எல்லையிலேயே படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்கள் பிள்ளை முன்கூட்டியே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், படிப்பு அனுமதி ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்று மாகாணம் தரும் சான்றுக் கடிதமும் தேவை. ஆஃபர் வராமல் அந்தக் கடிதம் வராது. பல இடங்களில் டெபாசிட் கட்டாமலும் வராது. ஆஃபர் ஒரு வாரம் தாமதமானால் பின்னால் இருக்கும் எல்லாமே தள்ளிப்போகும். செப்டம்பர் வகுப்பு மட்டும் தள்ளிப்போகாது. சென்னையிலிருந்து பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த, மகளின் தோழி ஒருத்திக்கு இன்னொரு கொடுமை: ஆங்கிலம் பேசும் நாட்டில் நான்கு ஆண்டு படிக்கவில்லை என்பதால் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதச் சொல்கிறார்கள். அவள் பள்ளியில் ஆங்கில இலக்கியத்தில் ஏபி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மகளின் போர்ட்டலில் சிவப்பு எழுத்து போய்விட்டது. யார் சரிசெய்தார்கள், எதனால் வந்தது என்று எந்த விளக்கமும் இல்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் இருக்கிறது. மே 1 நெருங்கிவிட்டதால் இங்குள்ள ஒரு கல்லூரிக்கு டெபாசிட் கட்டிவிட்டோம். அது திரும்பக் கிடைக்காது. கனடாவிலிருந்து ஆஃபர் வந்தால் அங்கும் கட்டுவோம். அப்போதாவது அவளுடைய ‘ஏ’-வுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.